இறக்கை இல்லாத தேவதைகள்!

தேவதையை வரையுங்கள் என்று சொன்னால் என்ன வரைவீர்கள் குட்டீஸ்? வெள்ளை கவுன், முதுகில் பட்டாம்பூச்சி இறக்கை, கையில் நட்சத்திரம் ஒட்டிய மந்திரக்கோல்... அப்படித்தானே! பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டிக்கு வருகிற தேவதையும் இதே யூனிபார்மில்தான் வரும்.

ஆனால், 300 வருஷங்களுக்கு முன் அயர்லாந்திலோ, ஸ்காட்லாந்திலோ வாழ்ந்த ஒரு பாட்டியிடம் அந்தப் படத்தைக் காட்டினால், 'இது என்ன பூச்சி?' என்றுதான் கேட்டிருப்பார். அவருக்குத் தெரிந்த 'ஃபேரி'க்கு இறக்கை கிடையாது. மந்திரக்கோல் கிடையாது. ஊருக்கு வெளியே இருக்கும் மண்மேட்டுக்கு அடியில் வசிக்கும். ராத்திரியில் வெளியே வந்து ஆடும், பாடும். மனசு வைத்தால் உதவி செய்யும். கோபம் வந்தால் மாட்டுக்கு நோய் கொடுக்கும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக் கொண்டு போகும். அது வருகிற பாதையில் நிற்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்!

'ஃபேரி' என்ற சொல்லை நாம் 'தேவதை' என்று தமிழில் சொல்லப் போய்த்தான் இவ்வளவு குழப்பம். தேவதை என்றால் தெய்வத்துக்குப் பக்கத்து வீடு என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஃபேரி தெய்வமும் இல்லை, பேயும் இல்லை, மனிதனும் இல்லை. அதனால், இனி ஃபேரி என்றே சொல்கிறேன்.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்கிறீர்களா? 2000க்குப் பிறகு, டீன் ஏஜ் வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மாயக் கதைகளில் அந்தப் பழைய, பயமுறுத்துகிற ஃபேரிகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்துவிட்டன. உங்கள் அக்காவோ, அண்ணனோ அப்படி ஒரு புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாலும் வைத்திருப்பார். இந்தக் கதைகளை உயிராக நினைக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். 'சின்னப் பசங்க படிக்கிற புத்தகமா இது?' என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன், அந்தப் பழைய ஃபேரிகளை ஒரு நடை பார்த்துவிட்டு வருவோமா?

பெயரைச் சொல்லாதே!

அயர்லாந்து கிராமங்களில் அந்தக் காலத்தில் ஃபேரி என்று வாய்விட்டுச் சொல்லவே தயங்குவார்கள். 'நல்லவர்கள்' என்பார்கள். ஸ்காட்லாந்தில், 'நல்ல அண்டை வீட்டுக்காரர்கள்'. உண்மையிலேயே நல்லவர்கள் என்பதால் அல்ல. காதில் விழுந்தால் வம்பு என்பதால்! நம் பாட்டிமார் அம்மை நோயை, 'ஆத்தா வந்திருக்கா' என்று மரியாதையாகச் சொல்வார்களே, அந்த மாதிரி.

அவர்களிடம் மாட்டாமல் இருக்க நிறைய விதிகள் உண்டு. அவர்கள் நாட்டுக்குள் போனால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஒரு வாய் சாப்பிட்டால் அங்கேயேதான். வயலில் வழி தப்பி, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தால், சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டிக் கொள்ள வேண்டும். இரும்பு அவர்களுக்கு ஆகவே ஆகாது. அதனால், கதவில் குதிரை லாடம் அடித்தார்கள். தொட்டிலுக்கு மேல் அடுப்பு இடுக்கியை வைத்தார்கள்.

காலமும் அங்கே வேறு கணக்கு. ஓஷீன் என்ற அயர்லாந்து வீரன், அந்த நாட்டு இளவரசியோடு போய் மூன்று வருஷம் இருந்துவிட்டு, ஊர் ஞாபகம் வந்து குதிரையில் திரும்புகிறான். இங்கே 300 வருஷம் ஓடிவிட்டது! 'குதிரையை விட்டு இறங்காதே' என்று இளவரசி சொல்லித்தான் அனுப்பினாள். தவறி விழுகிறான். கால் மண்ணில் பட்டதும் தொண்டு கிழவனாகிவிடுகிறான்.

இதையெல்லாம் படிப்பறிவில்லாதவர்கள்தான் நம்பினார்கள் என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் என்ற ஊரில் ராபர்ட் கிர்க் என்று ஒரு பாதிரியார். நல்ல படிப்பாளி. ஊர்க்காரர்கள் ஃபேரிகளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு, 1690களின் தொடக்கத்தில் ஒரு புத்தகமே எழுதினார். 1692ல், ஊருக்குப் பக்கத்தில் இருந்த 'ஃபேரி குன்றில்' உலாவப் போனவர், அங்கேயே விழுந்து இறந்துபோனார். ரகசியத்தை வெளியே சொன்னதற்காக ஃபேரிகள் பிடித்துக் கொண்டு போய்விட்டன என்று ஊர் பேசியது.

கதை அதோடு முடியவில்லை. இறந்தவர், உறவினர் ஒருவர் முன் தோன்றி, 'நான் சாகவில்லை. என் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது வருவேன். என் தலைக்கு மேல் கத்தியை வீசச் சொல். இரும்பு பட்டால் எனக்கு விடுதலை' என்று சொன்னாராம். அதே மாதிரி வந்தாராம். கத்தியோடு நின்ற சொந்தக்காரர் திகைத்துப் போய், வீசவே மறந்துவிட்டாராம். கிர்க் போனவர் போனவர்தான். பாவம்! அவருடைய புத்தகம் அச்சில் வந்ததே 1815ல்தான்.

1999லும் இந்தப் பேச்சு நிற்கவில்லை. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், லட்டூன் என்ற இடத்தில் புது சாலை போட வந்தார்கள். வழியில் ஒரு முள்மரம். 'அது ஃபேரிகள் கூடுகிற மரம், வெட்டாதீர்கள்' என்று எடி லெனிஹான் என்ற கதைசொல்லி பத்திரிகைக்குக் கடிதம் எழுத, செய்தி உலகம் முழுக்கப் போய்விட்டது. கடைசியில் மரத்தை விட்டுவிட்டுச் சாலை போட்டார்கள். 2002ல் யாரோ ஒரு ஆசாமி அதன் கிளைகளை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினான். மரம் அசரவில்லை, மறுபடி துளிர்த்துவிட்டது.

விடாத பிடி!

பழைய கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது டாம் லின் கதை. ஸ்காட்லாந்தின் நாட்டுப் பாடல் அது. 1549லேயே ஒரு புத்தகத்தில் அதன் பெயர் வருகிறது என்றால் எவ்வளவு பழசு, பாருங்கள்.

கார்ட்டர்ஹா என்ற காட்டுப் பக்கம் பெண்கள் போகக் கூடாது. அங்கே டாம் லின் இருக்கிறான் என்று கட்டுப்பாடு. ஜேனட் என்ற பெண் மட்டும், 'அது எங்கள் நிலம், நான் ஏன் போகக் கூடாது?' என்று போகிறாள். ஒரு ரோஜாவைப் பறிக்கிறாள். உடனே டாம் லின் எதிரே வந்து நிற்கிறான். அவன் ஃபேரி இல்லை, மனிதன்தான். குதிரையிலிருந்து விழுந்தவனை ஃபேரி ராணி பிடித்து வைத்துக் கொண்டாள். அந்த நாட்டில் எல்லாம் சுகம்தான். ஆனால், ஏழு வருஷத்துக்கு ஒரு முறை நரகத்துக்குக் கப்பம் கட்ட வேண்டும். கப்பம் என்றால் பணம் இல்லை, ஓர் உயிர்! இந்தத் தடவை தன்னைத்தான் கொடுப்பார்கள் என்று பயப்படுகிறான் டாம் லின்.

தப்பிக்க ஒரே வழிதான். ஹாலோவீன் ராத்திரி ஃபேரிகள் ஊர்வலம் போகும். கறுப்புக் குதிரை, பழுப்புக் குதிரை இரண்டையும் விட்டுவிட்டு, வெள்ளைக் குதிரையில் வருகிறவனை ஜேனட் இழுத்துக் கட்டிப்பிடிக்க வேண்டும். விடவே கூடாது.

நடு ராத்திரி. நாற்சந்தி. கடிவாளங்களின் மணிச் சத்தம் வருகிறது. ஜேனட் அவனை இழுத்துப் பிடித்துக் கொள்கிறாள். உடனே அவன் கையிலேயே பாம்பாக மாறுகிறான். விடவில்லை. கரடியாகிறான். விடவில்லை. சிங்கமாகிறான். பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான். கடைசியில் தகதகக்கும் நெருப்புத் துண்டு. அதைக் கிணற்றில் போட்டதும், தண்ணீரிலிருந்து மனிதனாக எழுந்து வருகிறான். தன் பச்சைப் போர்வையால் போர்த்தி அழைத்துப் போகிறாள் ஜேனட். ராணி கோபத்தில் கத்துவதோடு பாட்டு முடிகிறது. பாடுகிறவருக்குப் பாடுகிறவர் விலங்குகள் கொஞ்சம் மாறும்; பிடியை விடாதது மட்டும் மாறாது.

இதில் எவ்வளவு இருட்டு இருக்கிறது பாருங்கள்! நரகம், பலி, நெருப்பு. ஆனால், கதை கேட்டு முடித்ததும் நமக்கு எது ஞாபகம் இருக்கிறது? ஜேனட்டின் கைதான். இன்றைய இருண்ட ஃபேரி நாவல்களை விரும்புகிற வாசகர்களிடம் ஏன் என்று கேட்டால், பலரும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து நிற்கிறார்கள். எதிராளி பலசாலியாக இருந்தால்தான், மந்திரம் தெரியாத ஒரு சாதாரணப் பெண்ணோ, பையனோ ஜெயிக்கும்போது நம்ப முடிகிறது என்கிறார்கள். பூ தூவுகிற தேவதையை எதிர்த்து ஜெயிக்க என்ன இருக்கிறது?

அமெரிக்க எழுத்தாளர் ஹாலி பிளாக், 2002ல் எழுதிய தன் முதல் நாவலுக்கு வைத்த தலைப்பே அந்தக் 'கப்பம்'தான்: 'டைத்'. அதில் 16 வயதுப் பெண் கேய், ஃபேரிகளின் பலிச் சடங்கில் மாட்டிக் கொள்கிறாள். அதற்கப்புறம் படம் வரையும் டோனி டிடெர்லிசியோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்காக, 'ஸ்பைடர்விக்' கதைகளைக் கொண்டு வந்தார் (2003-2004). ஐந்து குட்டிப் புத்தகங்கள். 2008ல் சினிமாவாகவும் வந்தது.

இளவரசன் செய்தது சரியா?

வாசகர்கள் அதிகமாகச் சண்டை போடுவது ஹாலி பிளாக்கின் இன்னொரு புத்தகத்துக்காக. 2018ல் வந்த, 'தி க்ரூயல் பிரின்ஸ்', அதாவது கொடூரமான இளவரசன்.

ஜூடுக்கு ஏழு வயது இருக்கும்போது, மாடோக் என்ற ஃபேரி தளபதி அவளுடைய அப்பா, அம்மாவைக் கொன்றுவிட்டு, அவளையும் சகோதரிகளையும் தன் நாட்டுக்குத் தூக்கிப் போய் வளர்க்கிறான். அங்கே ஃபேரி அரச குடும்பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும். மனிதப் பிள்ளை என்பதால் அவளைக் கேலி செய்வது, சாப்பாட்டில் மண்ணைத் தள்ளுவது, ஆற்றில் மாட்டிவிடுவது... அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் கார்டன் என்ற இளவரசன்.

இந்தக் கதையில் ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது. மனிதர்களால் முடியும்! உடல் பலம் இல்லாத ஜூடுக்கு இருக்கிற ஆயுதம் அதுதான். பொய்யே சொல்லாமல் எப்படி ஏமாற்றுவது என்பதில் ஃபேரிகள் கெட்டிக்காரர்கள். அதனால், ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிப் போட்டுப் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. வாசகர்களை இழுத்துப் பிடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சண்டை எங்கே வருகிறது தெரியுமா? தன்னை அவ்வளவு கொடுமைப்படுத்திய கார்டனையே கதை போகப் போக ஜூடுக்குப் பிடித்துப் போகிறது. 'இது அநியாயம். பள்ளியில் நம்மை அடிப்பவன் மனசுக்குள் நம்மை விரும்புகிறான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா?' என்று ஒரு கட்சி. 'ஜூட் அழுதுகொண்டு உட்காரவில்லையே, அவனை மிஞ்சிவிடுகிறாளே. தவிர, அவனும் தன் அண்ணனிடம் அடி வாங்கி வளர்ந்தவன்தானே' என்று மறு கட்சி.

என்னைக் கேட்டால், முதல் கட்சிக்குத்தான் என் ஓட்டு. அடி வாங்கி வளர்ந்தது ஒருவன் ஏன் அடிக்கிறான் என்பதற்குக் காரணமாகலாம். அடிபட்டவளின் வலிக்கு அது பதில் ஆகாது. ஆனால், அதற்காகப் புத்தகத்தை மூடி வைக்கவும் நான் சொல்ல மாட்டேன். ஜூடின் பயத்தையும் அவமானத்தையும் அந்த முதல் பாகம் கொஞ்சமும் மறைக்காமல் எழுதியிருக்கிறது. வகுப்பில் யாராவது உங்களை அப்படி நடத்தினால், ஃபேரி நாட்டு விதிப்படி வஞ்சம் தீர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் வீட்டில் சொல்லுங்கள், டீச்சரிடம் சொல்லுங்கள்!

இருட்டே வேண்டாம் என்கிற பெரியவர்கள் கட்சியும் உண்டு. 2011 ஜூனில், 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற அமெரிக்க நாளிதழில், சிறுவர் புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதும் மேகன் காக்ஸ் கர்டன் ஒரு கட்டுரை எழுதினார். ஃபேரி கதைகள் மட்டுமல்ல, டீன் ஏஜ் நாவல்கள் பொதுவாகவே ரத்தமும் கொடுமையுமாக ஆகிவிட்டன என்று கவலைப்பட்டார். அவ்வளவுதான், இணையத்தில் வாசகர்கள் குவிந்துவிட்டார்கள். 'எங்கள் வீட்டில் கஷ்டம் இருந்தபோது இந்தப் புத்தகங்கள்தான் துணை இருந்தன' என்ற பொருளில் ஏராளமானவர்கள் எழுதினார்கள். கஷ்டமே தெரியாத கதை, கஷ்டப்படுகிற பிள்ளைக்குத் துணை வருமா என்பது அவர்கள் கேள்வி. அதே நேரம், கடையில் அலமாரியை நம்பி எடுக்கிற அம்மா, அப்பாவின் கவலையையும் தள்ளிவிட முடியாது. சாரா ஜே. மாஸ் எழுதிய ஒரு ஃபேரித் தொடர், 2015ல் டீன் ஏஜ் புத்தகமாக வெளிவந்து, பின்னர் 2020ல் அட்டை மாற்றிப் பெரியவர்கள் அலமாரிக்குப் போனதே!

மாற்றிப் போட்ட பிள்ளை

கேட்கக் கஷ்டமான விஷயம் ஒன்று. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஃபேரிகள் நல்ல குழந்தையைத் தூக்கிக் கொண்டு, அதன் இடத்தில் தங்கள் ஆளைப் போட்டுவிடும் என்று நம்பினார்கள். அப்படி வந்தது எப்போதும் அழும், வளராது, பேசாது. கண்டுபிடிக்க வேடிக்கையான வழி உண்டு. முட்டை ஓட்டுக்குள் தண்ணீர் ஊற்றி அடுப்பில் கொதிக்க வைக்க வேண்டும். தொட்டிலில் கிடப்பது எழுந்து உட்கார்ந்து, 'இத்தனை நூறு வருஷத்தில் இப்படி ஒரு சமையலைப் பார்த்ததே இல்லை!' என்று சிரித்துவிடும். குட்டு வெளிப்பட்டுவிடும்.

கதையில் சிரிக்கலாம். நிஜத்தில் அந்தக் குழந்தைகள் யார்? நோயுற்ற, உடல் வளர்ச்சி குன்றிய, பேச்சு வராத குழந்தைகளாக இருந்திருப்பார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மருத்துவம் தெரியாத காலம். 'இது எங்கள் பிள்ளையே இல்லை' என்று சொல்லிக் கொள்ள ஒரு கதை கிடைத்தது. பெரியவர்களும் தப்பவில்லை. 1895ல் அயர்லாந்தின் டிப்பெரரி மாவட்டத்தில், பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயது தையல்கார இளம்பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 'இது என் மனைவி இல்லை, ஃபேரி மாற்றிப் போட்டது' என்று கணவனே செய்த கொடுமையில் அவர் உயிரிழந்தார். கணவனுக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இதனால்தான் புதிய நாவல்களில் ஒரு மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'டைத்' கதையில் வரும் கேய் யார் தெரியுமா? மாற்றிப் போட்ட பிள்ளையே அவள்தான்! பழைய கதைகளில் இடுக்கியைக் காட்டி விரட்டப்பட்டவள் இங்கே கதாநாயகி. கதையை அவள் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

டெர்ரி பிராட்செட் எழுதிய, 'தி வீ ஃப்ரீ மென்' (2003) இன்னும் ஒரு படி மேலே. டிஃபனிக்கு ஒன்பது வயது. ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பம். எந்நேரமும் மிட்டாய் கேட்டு அழுது, கை, வாயெல்லாம் பிசுபிசுக்கும் தம்பி. அவன்மேல் அவளுக்குப் பெரிய பாசம்கூடக் கிடையாது. ஆனால், ஃபேரி ராணி அவனைத் தூக்கிக் கொண்டு போனதும், 'அவன் என் தம்பி' என்று கிளம்பிவிடுகிறாள். கையில் என்ன ஆயுதம்? சமையலறையிலிருந்து எடுத்த வாணலி. இரும்பு ஆயிற்றே! துணைக்கு ஒரு சாண் உயரம்கூட இல்லாத, நீல நிறச் சண்டைக்காரக் குள்ளர்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். நடுவே ஒரு பாட்டியின் கதை வரும். ஊரில் ஒரு பையன் காணாமல் போனதும், தனியாக இருந்த அந்தப் பாட்டியைச் 'சூனியக்காரி' என்று சொல்லி வீட்டை விட்டுத் துரத்திவிடுகிறார்கள். குளிர்காலத்தில் பாட்டி இறந்துபோகிறார். சூனியக்காரியாக வேண்டும் என்று டிஃபனி முடிவெடுப்பதற்கு அந்தப் பாட்டிக்கு நடந்ததும் ஒரு காரணம். இருட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன் நான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு, 'ஸ்பைடர்விக்' சரியாக இருக்கும். படங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 10 வயது தாண்டியவர்கள் டிஃபனியைப் பிடித்துக் கொள்ளலாம். தம்பியை மாற்றிப் போட்ட கதைதான் ஜூலி ககாவாவின், 'தி அயர்ன் கிங்' (2010). இதில் மனிதர்களின் இயந்திரங்களிலிருந்து பிறந்த, இரும்புக்கு அஞ்சாத புதுவகை ஃபேரிகள் வருகின்றன! ஆனால், இதையும், 'தி க்ரூயல் பிரின்ஸ்', 'டைத்' இரண்டையும் இப்போதைக்கு அக்கா, அண்ணன்களுக்கே விட்டுவிடுங்கள்.

அயர்லாந்துக்காரர் பீடர் ஓ கீலின் எழுதிய, 'தி கால்' (2016) கண்டிப்பாக இப்போது வேண்டாம்; பத்தாம் வகுப்பு தாண்டட்டும். ஃபேரிகள் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தங்கள் சாம்பல் நாட்டுக்கு இழுத்து வேட்டையாடுகின்றன. இங்கே மூன்று நிமிஷம், அங்கே ஒரு முழு நாள். ஓடித் தப்ப வேண்டிய அந்த நாட்டுக்கு, போலியோவால் கால்கள் பலமிழந்த நெஸ்ஸா என்ற பெண் போக வேண்டும். ராத்திரி தூக்கம் போய்விடும். ஆனால், அந்த ஃபேரிகள் ஏன் அவ்வளவு கோபமாக இருக்கின்றன என்று ஒரு காரணம் சொல்கிறார் பாருங்கள்: அயர்லாந்து முதலில் அவர்களுடைய ஊர், அவர்களை அந்தச் சாம்பல் நாட்டுக்கு விரட்டிவிட்டது மனிதர்கள்தானாம்.